எக்சிமாவின் காரணத்தை எலியில் தேடுவது ஏன்? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எக்சிமா உள்ள பிள்ளைகள் படும் பாடு பெற்ற தாய்மாருக்குத்தான் தெரியும். முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து எல்லாம் வறண்டு வெடித்து, இரவு முழுக்கக் கடி, அதாவது அரிப்பு. இந்த நேரம் பார்த்து "எக்சிமாவின் காரணத்தை எலிகளில் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வரும், உடனே கேள்விகளும் வரும். நான் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன், டொக்டர் இல்லை. மாணவரும் அவர்களுடைய பெற்றோரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எக்சிமா என்று நான் சொல்வது குழந்தைப் பருவத்திலேயே தொடங்கி, பரம்பரையோடும் தொடர்புள்ள அந்த ஒவ்வாமைத் தோலழற்சியைத்தான். நகை, சீமெந்து பட்டு வரும் ஒவ்வாமை வேறு, அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

பிள்ளைக்கு வரும் வருத்தத்துக்கு எலியை ஏன் பார்க்க வேண்டும்? பிள்ளைகளையே ஆராயலாமே?

ஆராய்கிறார்கள். இரத்தம் எடுக்கிறார்கள், தோலில் சின்னத் துண்டு எடுக்கிறார்கள், குடும்பத்தில் யார் யாருக்கு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஆனால் பிள்ளை கிளினிக்குக்கு வரும்போது தோல் ஏற்கெனவே வறண்டு, சிவந்து, சொறிந்து புண்ணாகி, கிருமியும் ஏறியிருக்கும். இதில் எது முதலில் வந்தது, எது அதன் பின்னால் வந்தது என்று அந்த நேரத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றைக் காரணம் என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் அதை மட்டும் மாற்றிவிட்டு மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல தோலோடு பிறந்த குழந்தையின் மரபணு ஒன்றைப் பழுதாக்கிப் பார்க்க எவருக்கும் உரிமை இல்லை.

ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் தோலிலேயே செய்து பார்த்தார்கள். 1921இல், அப்போது ஜேர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரில், மீன் ஒத்துக்கொள்ளாத ஹைன்ஸ் கியூஸ்ட்னரின் இரத்தத்தில் இருந்து எடுத்த தெளிநீரைக் கார்ல் பிரவுஸ்னிற்ஸ் தன் தோலில் ஏற்றிக்கொண்டார். பிறகு அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியபோது அந்த இடம் மட்டும் தடித்து வீங்கியது. ஒவ்வாமையைக் கொண்டுபோகும் ஏதோ ஒன்று இரத்தத்தில் இருக்கிறது என்பது அதோடு உறுதியானது. அந்த "ஏதோ ஒன்று" ஐ.ஜி.ஈ என்ற பிறபொருளெதிரி என்று 1966இல் இஷிசாக்கா தம்பதியர் கண்டுபிடித்தார்கள். ஒருவரின் இரத்தநீரை இன்னொருவருக்கு ஏற்றினால் ஈரல் அழற்சி போன்ற நோய்கள் தொற்றும் என்பதால் அந்த முறை பிறகு கைவிடப்பட்டது.

எலி எலி என்கிறீர்கள், எந்த எலி?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. செய்திகள் "எலி" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றன. உண்மையில் ஆய்வுகூடங்களில் எக்சிமாவுக்கென்று பலவகைச் சுண்டெலிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் அந்த வருத்தம் வெவ்வேறு வழியில் வருகிறது, அதனால் ஒவ்வொன்றும் சொல்லக்கூடிய பதிலும் வேறு.

ஜப்பானின் நாகோயாவில் 1957இல் ஒரு சுண்டெலிக் குலத்தை உருவாக்கினார்கள், பெயர் என்.சி. நாகா. பல வருடம் கழித்து, 1997இல், அதைப் பற்றி ஒரு விசித்திரமான விடயம் வெளிவந்தது. கிருமி இல்லாமல் மிகச் சுத்தமாக வளர்க்கும் கூண்டில் இந்த எலிக்குத் தோல் நல்லாக இருக்கிறது. சாதாரணக் கூண்டில் விட்டால் சில வாரங்களில் முகம், காது, முதுகு எல்லாம் சொறிந்து புண்ணாகி, ஐ.ஜி.ஈயும் ஏறிவிடுகிறது. அதே மரபணு, வேறு சூழல். பரம்பரை மட்டும் போதாது, சூழலும் சேர்ந்தால்தான் வருத்தம் வெளியே தெரியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் ஒரே தாயின் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த எலியைப் பற்றித்தான்.

இன்னொரு வகை, நல்ல எலிக்கு வெளியில் இருந்து ஒவ்வாமையை உண்டாக்குவது. 1998இல் பொஸ்டனில் செய்த முறை இப்போதும் பாவனையில் இருக்கிறது: முதுகு மயிரை மழித்து, ஒட்டு நாடாவை ஒட்டி ஒட்டி உரித்துத் தோலின் மேல்படையை மெலிதாக்கி, முட்டை வெள்ளைக்கருவின் புரதத்தை ஒரு துணியில் வைத்து அந்த இடத்தில் ஒரு வாரம் கட்டிவிடுகிறார்கள். இரண்டு வார இடைவெளி விட்டு மறுபடியும், பிறகு மூன்றாம் தடவையும். ஏழு வாரத்தில் அந்த இடம் தடித்து, எக்சிமாத் தோலில் காணும் வெண்குழியங்கள் வந்து நிறைகின்றன. நாடாவால் உரிப்பது எங்கள் பிள்ளைகள் சொறிவதற்கு ஈடாகச் செய்வது.

மூன்றாவது, ஒரு மருந்தைப் பூசி வரவைப்பது. கல்சிபொட்ரியோல் என்று சோரியாசிசுக்குப் பூசும் ஒரு விற்றமின் டி வகை மருந்து இருக்கிறது. அதைச் சுண்டெலியின் காதில் தொடர்ந்து பூசினால் எக்சிமா போலவே வருகிறது என்று 2006இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் பியர் ஷாம்போனின் குழு காட்டியது. தோல் கலங்களே டி.எஸ்.எல்.பி. என்ற ஒரு சமிக்ஞைப் புரதத்தை வெளியிட்டு ஒவ்வாமையைக் கிளப்பிவிடுகின்றன என்பது அதில் இருந்து தெரிந்தது. அதுவரை தோலை, மற்றவர்கள் அடித்துக்கொள்ளும் களம் என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள், தோலே முதல் ஆளாக இறங்குகிறது என்பது பெரிய மாற்றம்.

டி.என்.சி.பி. போன்ற, தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும் இரசாயனங்களைத் திரும்பத் திரும்பப் பூசும் முறையும் உண்டு. மலிவு, விரைவு, அதனால் மூலிகை ஆய்வுகளில் நிறைய வரும்.

தோல் வறட்சி முதலா, ஒவ்வாமை முதலா?

பல வருடச் சண்டை இது. 2006இல் ஸ்கொட்லாந்தின் டண்டீயில் ஏர்வின் மக்லீனின் குழு, ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணு பழுதாக இருப்பவர்களுக்கு எக்சிமா வரும் வாய்ப்பு மிக அதிகம் என்று காட்டியது. தோலின் மேற்படையை இறுக்கமாகவும் ஈரமாகவும் வைத்திருப்பது ஃபிலாக்ரின். அப்போ தோல்தான் முதல் என்று எல்லோரும் திரும்பினார்கள்.

அடுத்ததாக எலியில் பார்க்க வேண்டுமே. வால் செதில் செதிலாக இருக்கும் ஒரு சுண்டெலி முன்பே இருந்தது, அதற்கு ஃபிலாக்ரின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருக்கிறது என்று 2009இல் கண்டார்கள். அந்த எலிக்கு எக்சிமாவும் வருகிறது. கதை முடிந்தது போல இருந்தது. ஆனால் அந்த எலிக் குலத்தில் மயிர் சடைபிடிக்க வைக்கும் இன்னொரு மரபணு மாற்றமும் கூடவே வந்துகொண்டிருந்தது. இரண்டையும் பிரித்து வளர்த்துப் பார்த்தபோது, தானாக வரும் தோலழற்சிக்குக் காரணம் அந்த இரண்டாவது மரபணு என்று 2013இல் தெரிந்தது. ஃபிலாக்ரின் மட்டும் இல்லாத எலிக்குத் தோல் வறண்டு செதிலாகிறது, வெளியில் இருந்து ஒவ்வாப் பொருள் பட்டால் அளவுக்கு மிஞ்சி எதிர்வினை காட்டுகிறது, ஆனால் சும்மா இருக்க எக்சிமா வருவதில்லை.

இந்த நான்கு வருடத் திருத்தம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. தோல் என்ற தடுப்பு பழுதாக இருப்பது கதவைத் திறந்து வைப்பது போல, உள்ளே யாராவது வந்தால்தான் பிரச்சினை.

அப்படியென்றால் பிறந்த குழந்தைக்குத் தினமும் ஈரப்பதக் கிறீம் பூசினால் எக்சிமாவே வராமல் தடுக்கலாமா? எலியைப் பார்த்தால் "ஆம்" என்றுதான் தோன்றும். இங்கிலாந்தில் 1,394 குழந்தைகளோடு செய்த பெரிய ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. முதல் வருடம் முழுக்கப் பூசிய குழந்தைகளில் இரண்டு வயதில் 23 சதவீதத்தினருக்கு எக்சிமா, பூசாதவர்களில் 25 சதவீதம். வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். இதை வைத்துக்கொண்டு கிறீமே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே எக்சிமா உள்ள பிள்ளைக்கு அது நல்ல பலன் தரும், வருத்தம் திரும்பக் கிளம்புவதைக் குறைக்கும்.

எலித் தோலும் எங்கள் தோலும் ஒன்றா?

இல்லை. எலியின் மேற்றோல் இரண்டு மூன்று கல அடுக்குத்தான், எங்களுடையது அதைவிடப் பல மடங்கு தடிப்பு. உடல் முழுக்க அடர்ந்த மயிர். எங்களிடம் இல்லாத ஒரு வகை டி கலங்கள் (நோயெதிர்ப்பு வெண்குழியங்கள்) எலியின் மேற்றோலில் நிறைந்திருக்கின்றன. எல்லாவற்றையும்விட எங்கள் ஊருக்கு முக்கியமான வித்தியாசம் வியர்வை: எலிக்கு உள்ளங்காலில் மட்டும்தான் வியர்வைச் சுரப்பி.

சித்திரை வைகாசி வெயிலில் நிலாவெளியிலோ கிண்ணியாவிலோ எந்தத் தாயைக் கேட்டாலும் "வேர்த்தால்தான் பிள்ளைக்குக் கூட" என்பார். அது சரியான அவதானிப்பு. ஆனால் வியர்க்காத எலியிடம் இதற்குப் பதில் கிடைக்காது. மனித வியர்வையை நேரடியாக ஆராய்ந்த ஹிரோஷிமாக் குழுதான், எல்லோருடைய தோலிலும் வாழும் மலசீசியா என்ற பங்கசின் ஒரு புரதம் வியர்வையில் கலந்து ஒவ்வாமையைத் தூண்டுகிறது என்று 2013இல் கண்டது. விளையாடிவிட்டு வந்ததும் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, கிறீம் பூசச் சொல்வது இதனால்தான் அர்த்தமுள்ள ஆலோசனை.

மீன், இறால், கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி என்று அம்மம்மா நிறுத்தச் சொல்கிறார். எலி ஆய்வு என்ன சொல்கிறது?

பொஸ்டன் எலிக்கு முட்டைப் புரதத்தைச் சாப்பிடக் கொடுக்கவில்லை, தோலில்தான் கட்டினார்கள். அதன் பிறகு அந்தப் புரதத்தை மூக்கு வழியாகக் கொடுத்தபோது சுவாசக் குழாயும் ஆஸ்துமா போலச் சுருங்கியது. அதாவது பழுதான தோல் வழியாக உள்ளே போகும் உணவுப் புரதம் உடலை எதிர்க்கப் பழக்குகிறது. இலண்டனின் கிடியன் லாக் மனிதரில் இதையே வேறு வழியாகக் கண்டார்: அழற்சியுள்ள தோலில் நிலக்கடலை எண்ணெய் கலந்த கிறீம் பூசப்பட்ட குழந்தைகளுக்கு நிலக்கடலை ஒவ்வாமை கூடுதலாக வந்திருந்தது. பிறகு அவர் 640 குழந்தைகளோடு செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. கடும் எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த அந்தக் குழந்தைகளில், ஒரு வயதுக்கு முன்பிருந்தே நிலக்கடலை சாப்பிட்டவர்களுக்கு அந்த ஒவ்வாமை சுமார் 81 சதவீதம் குறைவு.

அப்போ எக்சிமாவுக்குப் பயந்து உணவை நிறுத்துவது சில நேரம் எதிர்மாறாக முடியலாம். தோல் வழியாகப் படுவது ஒவ்வாமையைக் கூட்டுகிறது, வாய் வழியாகச் சரியான வயதில் போவது உடலைப் பழக்கிவிடுகிறது. சில பிள்ளைகளுக்கு மீனோ இறாலோ உண்மையிலேயே ஒத்துக்கொள்வதில்லை, சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி என்று வரும். அவர்களை டொக்டரிடம் காட்டிப் பரிசோதித்துத்தான் நிறுத்த வேண்டும். கடும் எக்சிமாவுள்ள கைக்குழந்தைக்கு நிலக்கடலையைத் தொடங்கும் முன்பும் டொக்டரைக் கேளுங்கள், முழுக்கடலை ஒருபோதும் வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும். மற்றப்படி, கடல் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு வெறும் சந்தேகத்தில் மீனை நிறுத்திப் புரதம் இல்லாமல் மெலியவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மம்மாவிடம் மரியாதையோடுதான் சொல்ல வேண்டும், ஆனால் சொல்ல வேண்டும்.

எலிக்குக் கடிக்கிறது என்று எப்படித் தெரியும்? வலியாகவும் இருக்கலாமே?

நல்ல கேள்வி, ஒரு மாணவி கேட்டது. சுண்டெலியின் கன்னத்தில் ஒரு பொருளைச் செலுத்தினால், வலி என்றால் முன்காலால் துடைக்கும், கடி என்றால் பின்காலால் சொறியும். 2008இல் இருந்து இந்த வித்தியாசத்தை வைத்துக் கமராவில் பதிந்து எண்ணுகிறார்கள்.

இந்த வழியில் வந்த விளைவுகள் பெரியவை. இன்டர்லூக்கின் 31 என்ற புரதத்தை அளவுக்கு அதிகமாகச் சுரக்க வைத்த எலிகள் மயிர் உதிரும் வரை சொறிந்தன, அது 2004. இன்டர்லூக்கின் 4 நரம்புகளையே நேராகத் தொட்டுக் கடிக்கு ஆயத்தப்படுத்துகிறது என்று 2017இல் தெரிந்தது. 2023இல் ஹார்வர்டில் ஐசக் சியூவின் குழு, எக்சிமாத் தோலில் பெருகும் ஸ்டெஃபிலோகொக்கஸ் பற்றீரியா வெளியிடும் ஒரு நொதியம் நரம்பை நேரடியாகத் தூண்டிக் கடியை உண்டாக்குகிறது என்று காட்டியது. அலர்ஜிக் குளிசை கொடுத்தும் பிள்ளையின் கடி நிற்கவில்லை என்று எத்தனையோ பேர் சொல்கிறார்கள். அந்தக் குளிசை தடுப்பது ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமைப் பொருளை மட்டும். எக்சிமாவின் கடி பெரும்பாலும் வேறு வழிகளால் வருகிறது.

எங்கள் வீட்டு நாயும் சொறிந்துகொண்டே இருக்கிறது. அதுவும் இதேதானா?

தெரு நாய்களுக்கு மயிர் கொட்டித் தோல் தடித்திருந்தால் பெரும்பாலும் அது சொறி உண்ணியாக இருக்கும், ஒவ்வாமை இல்லை. அதில் ஒரு வகை மனிதருக்கும் கொஞ்ச நாள் கடியைக் கொடுக்கும், மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஆனால் நாய்க்கும் உண்மையான எக்சிமா வரும். லாப்ரடோர், கோல்டன் ரிட்ரீவர், வெஸ்டி வகைகளில் அதிகம். வீட்டுத் தூசி உண்ணி பெரிய தூண்டுபொருள், பாதம், காது, அக்குள், வயிறு எல்லாம் சிவந்து கடிக்கும். யாரும் உண்டாக்காமல், எங்களோடு ஒரே வீட்டில் ஒரே தூசியைச் சுவாசித்துத் தானாக வரும் வருத்தம் என்பதால் காரணத்தைத் தேட நாய் எலியைவிட நல்ல சாட்சி என்பது என் எண்ணம். இன்டர்லூக்கின் 31ஐத் தடுக்கும் லோகிவெட்மாப் ஊசி 2016இல் நாய்க்கு வந்துவிட்டது. அதே பாதையை மறிக்கும் நெமோலிசுமாப் மனிதருக்கு ஜப்பானில் 2022இலும், எக்சிமாவுக்கென்று அமெரிக்காவில் 2024இலும் அனுமதி பெற்றது.

இமிட்டேசன் தோடு போட்டால் காது புண்ணாகிறது. அதையும் எலியில் பார்க்கிறார்களா?

அது நிக்கல் ஒவ்வாமை, எக்சிமாவில் இருந்து வேறுபட்டது. மேசன்மாருக்குச் சீமெந்தில் உள்ள குரோமியத்தால் கையில் வருவதும் இந்த இனம்தான். 1942இல் லான்ட்ஸ்டைனரும் சேஸும் கினிப்பன்றிகளில், இந்த வகை ஒவ்வாமை இரத்தநீரால் கடத்தப்படுவதில்லை, வெண்குழியங்களால்தான் கடத்தப்படுகிறது என்று காட்டினார்கள்.

எலியின் கதை வேறு. நிக்கல் ஒவ்வாமை மனிதருக்கு இவ்வளவு சாதாரணமாக இருக்க, சுண்டெலிக்கு ஏன் இலேசில் வரவில்லை? 2010இல் விடை கிடைத்தது. நிக்கல் மனிதரின் டி.எல்.ஆர். 4 என்ற வாங்கியில் (கலத்தில் சமிக்ஞையை ஏற்கும் புரதம்) இரண்டு ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களில் போய் ஒட்டுகிறது. எலியின் வாங்கியில் அவை இல்லை. மனித வாங்கியை எலிக்குள் வைத்ததும் எலிக்கும் நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் போனது. எலிக்கு வராததே இங்கே காரணத்தைக் காட்டிக்கொடுத்தது.

எலியில் சரியாக வந்தது மனிதரில் பிழையாகிப் போனதுண்டா?

உண்டு. மேலே சொன்ன டி.எஸ்.எல்.பி.யைத் தடுக்கும் டெசெபெலுமாப் எக்சிமாவுக்குச் சரியாக வேலை செய்யும் என்று எலியை வைத்து எதிர்பார்த்தார்கள். 2019இல் வெளியான மனித ஆய்வில் தெளிவான பலன் கிடைக்கவில்லை. அதே மருந்து 2021 டிசம்பரில் கடும் ஆஸ்துமாவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எதிர்ப்பக்கத்தில், இன்டர்லூக்கின் 4ஐத் தோலில் சுரக்க வைத்த எலிகளுக்கு எக்சிமா வந்ததை 2001இல் பார்த்தார்கள், அந்தப் பாதையை மறிக்கும் டுப்பிலுமாப் 2017இல் வந்து எத்தனையோ பேரின் வாழ்க்கையையே மாற்றியது. இரண்டு எலிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மனிதரில் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் எலிச் செய்தியை வைத்து உங்கள் பிள்ளையின் மருந்தை மாற்ற வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஊரில் அழுக்கில் விளையாடும் பிள்ளைக்கு ஒவ்வாமை வராது என்கிறார்களே?

ஆய்வுகூட எலி மிகச் சுத்தத்தில் வளர்வதால் அதன் நோயெதிர்ப்பு, பிறந்த குழந்தையுடையதைப் போல அனுபவமில்லாமல் இருக்கிறது, கடையில் விற்கும் எலியினுடையது வளர்ந்த மனிதருடையதை ஒத்திருக்கிறது என்று 2016இல் மினசோட்டாவில் கண்டார்கள். சுத்தமான எலியின் முடிவை மூதூரில் மண்ணில் விளையாடும் பிள்ளைக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதுதான் இதன் அர்த்தம். என்.சி. நாகா எலிக்கு அழுக்குக் கூண்டில்தான் வருத்தம் வந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். அழுக்கு நல்லது என்று சொல்லிப் பிள்ளைக்குக் குடற்புழுவுக்கான பூச்சி மருந்து கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.

சித்த மருந்தையும் எலியில் சோதிக்கலாமா? கன்னியாவில் குளித்தால் மாறுமா?

சோதிக்கலாம், சோதிக்கவும் வேண்டும். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள், இங்குள்ள பிள்ளைகள் இதைச் செய்தால் எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் வாசிக்கும்போது ஒன்றைப் பாருங்கள். நிறைய மூலிகைக் கட்டுரைகளில் டி.என்.சி.பி. பூசிய எலியின் காது வீக்கம் குறைந்ததை மட்டும் அளந்துவிட்டு "எக்சிமாவுக்கு மருந்து" என்று முடிக்கிறார்கள். மருந்தை வீக்கம் வருவதற்கு முன்பே கொடுத்தார்களா, வந்த பிறகா என்று தேடிப் பாருங்கள். எங்கள் பிள்ளைக்கு வந்த பிறகுதானே மருந்து தேடுகிறோம்.

கன்னியா வெந்நீரூற்று வழிபாட்டுக்கும் மனதுக்கும் பெரிய இடம். எக்சிமாத் தோலுக்குச் சூடான தண்ணீர் வறட்சியையும் கடியையும் கூட்டும், ஆகவே இலேசான சூட்டுக் கிணற்றில் சுருக்கமாகக் குளித்து உடனே கிறீம் பூசிவிடுங்கள். பெயர் ஒட்டாத டப்பாவில் "மூலிகைக் கிறீம்" என்று வருவதை வாங்க வேண்டாம், அப்படியானவற்றில் கடும் ஸ்டீரோயிட் கலந்திருக்கலாம்.

மிருகங்களை இப்படி வதைப்பது பாவமில்லையா?

இதை ஒரு பிள்ளை கேட்காத வருடமே இல்லை, கேட்கத்தான் வேண்டும். எலி நோவை உணர்கிறது, கடியை உணர்கிறது என்பதை மேலே எழுதியதே காட்டுகிறது. 1959இல் ரசல், பேர்ச் இருவரும் மூன்று கடமைகளை வகுத்தார்கள்: வேறு வழி இருந்தால் மிருகத்தைப் பயன்படுத்தாதே, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. ஒழுங்கான நெறிமுறைக் குழுக்கள் இதை வைத்துத்தான் அனுமதி கொடுக்கின்றன.

அழகுசாதனப் பொருள் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்ப்பதற்கு மிருகம் இனித் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. முன்பு கினிப்பன்றி, பிறகு சுண்டெலியின் நிணநீர் முடிச்சு, இப்போது குழாய்க்குள்ளும் மனிதக் கலங்களிலும் செய்யும் சோதனைகளைச் சேர்த்து முடிவெடுக்கும் வழிகாட்டியை ஓ.ஈ.சி.டி. என்ற பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளின் அமைப்பு 2021இல் வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் மிருகங்களில் சோதித்த அழகுசாதனங்களின் விற்பனையை 2013இல் முழுதாகத் தடைசெய்துவிட்டது. நோயின் காரணத்தைத் தேடுவது அவ்வளவு இலகு இல்லை, தோலும் நரம்பும் இரத்தமும் குடலும் சேர்ந்து இயங்கும் ஒரு உடல் இன்னும் தேவைப்படுகிறது. அதிலும் வழி திறந்துகொண்டுதான் வருகிறது. எலியின் முதுகை உரிக்கப் பயன்படுத்திய அதே மாதிரியான ஒட்டு நாடாவைப் பிள்ளையின் கையில் மெதுவாக ஒட்டி எடுத்து, அதில் வரும் மிக மெல்லிய படையில் இருந்தே எந்தப் புரதங்கள் கூடியிருக்கின்றன என்று இப்போது அளக்கிறார்கள், ஊசியும் இல்லை, வெட்டும் இல்லை.